சரிவில்லாத ஊர்

எழுநூற்றைம்பதாம் இலக்க பஸ்
பருத்தித்துறையில் எங்களை இறக்கிவிட்டபோது
சனிக்கிழமை காலை ஏழே முக்கால்.
அம்பிகாவதி சுற்றிப் பார்த்துவிட்டு
முதலில் கேட்டது: "மலையெல்லாம் எங்கடி?"
நான் கடலைக் காட்டினேன்.
அது படுத்துக் கிடக்குது என்றேன்.
இரவெல்லாம் தூங்காத பேச்சு.

டிக்கோயா ஆஸ்பத்திரியின் தாதிமார் இரண்டு பேர்.
பதினொரு இரவு முறை முடித்து
கெஞ்சிக் கையெழுத்து வாங்கிய இரண்டு நாள் லீவு.
ஒரு பை, ஒரு குடை,
பழக்கதோஷத்தில் மடித்து வைத்த ஸ்வெட்டர் இரண்டு.

இந்த ஊரில் சரிவே இல்லை.
ஒரு தேசிக்காயைத் தரையில் வைத்தால்
வைத்த இடத்திலேயே இருக்கிறது.
சந்தையில் ஒன்று வாங்கி
ஓடக்கரை வீதியில் வைத்தே பார்த்தோம்.
ஒரு நாய் வந்து மணந்துவிட்டுப் போனது.
தேசிக்காய் அசையவில்லை.
இரண்டு நாளும் எங்கள் முழங்கால்கள்
வேலையில்லாத பிள்ளைகள் மாதிரி
என்ன செய்வதென்று தெரியாமல் கூடவே வந்தன.

தெருமூடி மடத்துக்குள்ளால் போகிறது தெரு.
கல்தூண்களுக்கு நடுவே ஓட்டோ ஒன்று
ஒரு நொடி இருண்டு
மறுபக்கம் மஞ்சளாய் வெளியே வந்தது.
சுமையை இறக்கி ஆறிப் போகக் கட்டினார்களாம்.
அம்மா வந்திருந்தால்
கொழுந்துக் கூடையை எந்தப் பக்கம் வைக்கிறது
என்று கேட்டிருப்பாள்.

அறை, புவனலோஜினி அக்கா வீட்டு மேல்மாடியில்.
"எந்த இடம் பிள்ளையள்?"
"ஹட்டன்."
"ஓ" என்றார்.
அந்த 'ஓ'வை அளந்து பழகியவர்கள் நாங்கள்.
சில வாசல்களில் அது ஒன்றரை முழம்.
இங்கே முக்கால்.
பிறகு சாவியைத் தந்தபடி,
"ஃபான் இல்லாமலே அங்க நித்திரை கொள்ளலாமாமே, மெய்யே?"
"கம்பளி இல்லாமக் கொள்ள ஏலாது" என்றாள் அம்பிகாவதி.
அக்கா சிரித்தார். ஆனாலும்
குளிக்கும் வாளியை ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் போனார்.

வெளிச்சவீட்டுப் பக்கம் போனபோது
சீருடைப் பையன் ஒருவன் தூரத்திலிருந்து கையசைத்தான்.
வா என்றா, போ என்றா, தெரியவில்லை.
நாங்களும் கையசைத்துவிட்டுத் திரும்பினோம்.
வாங்கிய தட்டை வடையைக்
கடல் சுவரில் உட்கார்ந்து கடித்தோம்.
அது உடைந்த சத்தத்தில்
வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
பெயர் பெனடிக்ற் என்று பிறகு தெரிந்தது.
முதலில் தெரிந்தது அவரது கை.
கெளுத்தி முள் ஏறி,
பெருவிரல் கத்தரிக்காய் நிறத்தில்.

லீவு அங்கே முடிந்தது.
"சுடுதண்ணி" என்று நான் கடைக்கு ஓடினேன்.
கடைக்காரர் அவசரத்தில் தேயிலையும் போட்டுவிட்டார்.
எங்கள் மலையிலிருந்து கீழிறங்கிய தூள்
எங்களுக்கு முன்னமே இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.
"இன்னொருக்கா, சும்மா தண்ணி, அண்ணே!"
அம்பிகாவதி ஊசியை நெருப்பில் காட்டி
முனை முறிந்த முள்ளை எடுத்தாள்.
அவர் கத்தவில்லை.
எல்லா மாதாவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.
ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடச் சொன்னோம்.
தலையாட்டினார். போகமாட்டார்.
அந்தத் தலையாட்டு டிக்கோயாவிலும் இருக்கிறது.

கூலியாக ஒரு விளைமீன்.
வேண்டாம் என்றால் கோபம் வரும் முகம்.
ஈரச் சாக்கில் சுற்றித் தந்தார்.
பஸ்ஸில் பதினைந்து மணித்தியாலம்
மீனோடு எப்படிப் போவது?
புவனலோஜினி அக்காவிடம் கொடுத்து
நடந்ததைச் சொன்னோம்.
"ஓ" என்றார் மறுபடியும்.
இந்த முறை நான் அளக்கவில்லை,
அவர் கைகள் ஏற்கனவே பழப்புளி கரைத்துக்கொண்டிருந்தன.
இரவு மூன்று பேரும் ஒரே சட்டியைச் சுற்றி.
அக்கா தன் விவாகரத்தைப் பற்றிச் சொன்னார்,
கேட்காமலே, முள்ளை ஒதுக்கிக்கொண்டே.
வெயில் போன பிறகும் தரை சுட்டது.
ஸ்வெட்டரைத் தலையணையாக்கிப் படுத்தோம்.

ஞாயிறு பற்றிச் சொல்ல அதிகமில்லை.
மணற்காட்டுக்குப் போக இருந்தோம், போகவில்லை.
நன்றாகத் தூங்கினோம்.

திங்கள் விடியல், ஹட்டன், மழை.
வீட்டுக்கு ஏறும் படியில் பை வாய் திறந்து
அந்தத் தேசிக்காய் விழுந்தது.
ஒரு படி, இரண்டு படி,
கான் தாண்டி, வளைவு தாண்டி.
நான் குனிந்தேன்.
"விடுடி" என்றாள் அம்பிகாவதி,
"அதுக்கு வழி தெரியும்."